வீட்டு ஃபைல் சர்வருக்கு ஒரு பழைய ஆபீஸ் பெட்டி: டிஸ்க், வாட், வெயில்

எல்லோருடைய படங்களையும் வீடியோக்களையும் ஒரே இடத்தில் வைத்து, நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்ள வீட்டில் ஒரு ஃபைல் சர்வர் வைக்க நினைத்தேன். முதல் வேலையாக வீட்டில் என்னென்ன கிடக்கிறது என்று கூட்டிப் பார்த்தேன். பழைய லேப்டாப்களிலிருந்து கழற்றிய டிஸ்க்குகள், இரண்டு போர்ட்டபிள் டிஸ்க், எல்லோருடைய போன்கள், அப்புறம் அக்கா கல்யாணத்திலிருந்து பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணம் வரைக்குமான மினிடிவி எனும் சின்ன டிஜிட்டல் வீடியோ கேசட்டுகளை ஃபயர்வயர் கேபிள் வழியாக இறக்கி வைத்த கோப்புகள். மினிடிவி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும், நம்மூர்க் கல்யாண வீடியோ ஒரு மணி நேரத்தில் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. போனில் 4கே வீடியோவை 60 ஃபிரேமில் எடுத்தால், ஹெச்இவிசி முறையில் சுருக்கியும் நிமிடத்துக்கு 400 எம்பி வரை போகிறது. ஒரே படம் நாலு இடத்தில் கிடந்ததையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் இரண்டரை டெராபைட் சொச்சம்.

இந்த எண் கையில் வந்த பிறகுதான் மற்ற எதையும் யோசிக்கவே ஆரம்பித்தேன். இரண்டரை டெராபைட் என்றால் இரண்டு டிஸ்க் போதும், ஒன்றில் இருப்பது அப்படியே மற்றொன்றிலும் இருக்கும்படி மிரர். இரண்டு டிஸ்க் போதும் என்றால் எட்டு டிஸ்க் மாட்டும் பெரிய கேபினட் வேண்டாம், பெரிய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வேண்டாம், கூடுதல் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா கார்டும் வேண்டாம். ஆனால் பெரும்பாலும் வாங்கும்போது இது தலைகீழாக நடக்கிறது: முதலில் புராசசர், பிறகு கேபினட், கடைசியில் மிச்சமிருக்கும் காசுக்கு டிஸ்க். ஃபைல் சர்வரில் காசு போகவேண்டிய இடமே டிஸ்க்தான், மற்றதெல்லாம் அதைச் சுற்றி ஒட்டிக்கொள்கிற சாமான்.

அடுத்தது கரண்ட். சர்வர் 24 மணி நேரமும் ஓடும், தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கணக்கு சுலபம்: ஒரு வாட் இழுக்கும் சாமான் 60 நாளில் 1.44 யூனிட் ஏற்றும். பரணில் பத்து, பதினைந்து வருஷத்துப் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருந்தது, "அதான் சும்மா கிடக்குதே, அதையே போடேன்" என்று வீட்டில் சொன்னார்கள். பிளக்கில் செருகி அளக்கும் வாட் மீட்டரை மாட்டிப் பார்த்தால், எந்த வேலையும் செய்யாமல் சும்மா நிற்கும்போதே 75 வாட் காட்டியது. அதாவது ஒரு பில்லுக்கு 108 யூனிட், அரசு கொடுக்கும் 100 யூனிட் இலவசத்தை அது ஒன்றே தின்றுவிட்டு மேலே கொஞ்சம் கேட்கும். ஏசி போடுகிற மாதங்களில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடு என்றால் இன்னும் மோசம், 500ஐத் தாண்டிய வீட்டுக்குத் தனி அட்டவணை, அதில் கீழே இருக்கும் யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் கூடுதல் விலை. ஆகவே டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும்போது 25 வாட்டுக்குள் என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

அந்தக் கோட்டுக்குள் வருபவை என்று பார்த்தால் நாலு வழி.

டிஸ்க்கை மாட்டி நெட்வொர்க்கில் இணைத்தால் போதும் என்று ரெடிமேடாக வரும் நாஸ் பெட்டி ஒரு வழி. சினாலஜியின் டிஎஸ்223 போன்ற இரண்டு டிஸ்க் பெட்டி கரண்டை மிகக் குறைவாகத்தான் இழுக்கும், மென்பொருளும் நன்றாக இருக்கும், அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் ரேம் 2 ஜிபி, அதைக் கூட்டவே முடியாது. அப்புறம் அந்த நிறுவனம் 2025இல் வந்த பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தன் பட்டியலில் உள்ள டிஸ்க்கைத்தான் போடவேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அதே வருஷம் அக்டோபரில் தன் டிஎஸ்எம் மென்பொருளின் 7.3 பதிப்புடன் தளர்த்தியது. தளர்த்தினார்கள், சரி. ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் எந்த டிஸ்க்கை மாட்டலாம் என்று இன்னொருவர் முடிவு செய்கிற ஏற்பாடு எனக்குச் சரிப்படாது. நேரமில்லாதவர்களுக்கும் நோண்டப் பிடிக்காதவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன், எனக்கு நோண்டப் பிடிக்கும்.

ராஸ்பெர்ரி பை 5 எனும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு இன்னொரு வழி. கூடுதல் கார்டு மாட்ட வெளியே ஒரே ஒரு பிசிஐஇ லேன்தான் என்றாலும் கிகாபிட் நெட்வொர்க்குக்கு அது தாராளம். தலைவலி எங்கே என்றால் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனியாகக் கொடுக்க வேண்டும், டிஸ்க்கை இணைக்கும் சாட்டா ஹேட் தனி, உறை தனி, ஃபேன் தனி, எல்லாம் சேர்த்து விலை போட்டால் பழைய கம்ப்யூட்டர் விலைக்கு வந்து நிற்கிறது. இன்டெல் என்100 சிப் போட்ட நாஸ் போர்டுகள்தான் உண்மையில் மனசுக்குப் பிடித்தவை, 6 வாட் சிப், ஆறு சாட்டா, நாலு 2.5 கிகாபிட் போர்ட் என்று சீனக் கம்பெனிகள் கொட்டுகின்றன. ஆனால் அலிஎக்ஸ்பிரஸ் இந்தியாவில் 2020 நவம்பரிலிருந்து தடை, இங்கே யாரோ வரவழைத்து விற்பதை இரண்டு மடங்கு விலைக்கு வாங்கி, கெட்டுப்போனால் எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நிற்க வேண்டும். விட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்தது நாலாவது வழி: ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய பிராண்டட் டெஸ்க்டாப். இதற்கு இப்போது நல்ல காலம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது, விண்டோஸ் 11 இன்டெல்லில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே பொதுவாக அதிகாரபூர்வமாக ஏறாது, அதனால் பழைய பெட்டிகளை ஆபீஸ்கள் கழித்துவிடுகின்றன. லினக்ஸ் போட்டு ஃபைல் மட்டும் வைக்கப்போகிறவனுக்கு 6ஆம் தலைமுறையே அதிகம், வீடியோவை டிவிக்கு மாற்றி அனுப்புகிற வேலையும் இருந்தால் 7ஆம் தலைமுறையிலிருந்து பாருங்கள், 10 பிட் ஹெச்இவிசியை ஹார்ட்வேரிலேயே பிரிப்பது அங்கேதான் தொடங்குகிறது.

ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் இந்த மாதிரிப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். கடைக்காரர் வழக்கம்போலப் புராசசரில் ஆரம்பித்தார்.

"சார், ஐ7 ஒண்ணு இருக்கு. ரெண்டாயிரம் சேத்துப் போட்டா முடிச்சிடலாம்."

"ஐ7 வேணாம்ணே. மூடியக் கழட்டிக் காட்டுங்க, டிஸ்க் மாட்டுற எடத்தப் பாக்கணும்."

"டிஸ்க் எடமா? ஃபைல் போட்டு வைக்கத்தானே, அதுக்கா இவ்ளோ பாக்கறீங்க?"

அதற்குத்தான் பார்க்க வேண்டும். ஆபீஸ் பெட்டிகள் மூன்று அளவில் வரும். உள்ளங்கை அகலப் பெட்டியில் 3.5 அங்குல டிஸ்க் நுழையவே நுழையாது. மினி டவரில் தாராளமாக நுழையும், ஆனால் அது கடையில் குறைவாகத்தான் வரும். நடுவில் இருக்கும் எஸ்எஃப்எஃப் எனும் படுக்கை வசப் பெட்டிதான் குவிந்து கிடக்கும், அதில் மாடலுக்கு மாடல் உள்ளமைப்பு வேறு. அந்தக் கடையில் இருந்த 7ஆம் தலைமுறைப் பெட்டிகளில் ஒரே ஒரு 3.5 அங்குல இடம்தான் இருந்தது. ஹெச்பி எலைட்டெஸ்க் 800 வரிசையின் ஜி4 எஸ்எஃப்எஃப் ஒன்றில் இரண்டு 3.5 அங்குல இடமும் போர்டிலேயே சின்ன எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 இடமும் இருந்தன. ஐ5-8500, ஆறு கோர். விலை வித்தியாசம் பெரிதாக இல்லை, பதினைந்தாயிரத்துக்குள் முடிந்தது.

மூடியைத் திறந்ததும் பார்த்தவை: டிஸ்க்கைப் பிடிக்கும் கூண்டு இருக்கிறதா என்பது முதலில். ஆபீஸ்காரர்கள் பழைய டிஸ்க்கை அழிக்கக் கழற்றும்போது பக்கவாட்டுத் திருகையும் சேர்த்து எறிந்துவிடுவார்கள், சாதாரணத் திருகு போட்டால் டிஸ்க் தன் தடத்தில் போய் உட்காராது. பக்கத்து மேசையில் ஒரு டப்பா நிறையத் திருகு இருந்தது, பொறுமையாகக் கிளறி எட்டு எடுத்துக்கொண்டேன். இரண்டாவது, போர்டின் அடிப்படை அமைப்புகளைக் கவனிக்கும் பயாஸுக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறதா. பழைய ஆபீஸ் பெட்டியில் இது சகஜம், கம்ப்யூட்டர் ஓடும், விண்டோஸ் திறக்கும், பயாஸ் அமைப்பு மட்டும் திறக்காது. ஃபைல் சர்வருக்கு அந்த அமைப்புகள் கட்டாயம் வேண்டும், காரணம் கீழே வருகிறது. மூன்றாவது, போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி, சிஆர்2032. அது போனால் போகட்டும், சில்லறைக் காசு.

இந்தப் பெட்டியில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து டிஸ்க்குக்கு நேராக வயர் வராது. எஸ்எம்பிஎஸ் போர்டுக்கு 12 வோல்ட் கொடுக்கும், போர்டிலிருந்துதான் டிஸ்க்குக்கான பவர் வயர் கிளம்பும், பின்களின் வரிசையும் ஹெச்பிக்கே உரியது. 3.5 அங்குல டிஸ்க் ஒன்று நின்ற நிலையிலிருந்து சுற்ற ஆரம்பிக்கும் அந்தச் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு டிஸ்க்குக்கு அந்தப் பாதை தாங்கும், அதற்குத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஸ்பிளிட்டர் போட்டு நாலு டிஸ்க் மாட்டுகிறேன் என்று இறங்குவது எனக்குப் பயமான வேலை. அதிலும் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த கனெக்டர் உள்ள மலிவான சாட்டா ஸ்பிளிட்டரில் உள்ளே வயர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கருகுவது தெரிந்த கதை. நாலு டிஸ்க் வேண்டும் என்றால் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் மாட்டும் கேபினட்டுக்குப் போய்விடுங்கள்.

டிஸ்க்குக்கு வருவோம். 4 டெராபைட் இரண்டு வாங்கினாலே இன்றைக்குப் போதும், ஆனால் போன் வீடியோ ஏறுகிற வேகத்தில் மூன்று வருஷத்தில் முட்டும், ஒரு டெராபைட்டுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் 8 டெராபைட்தான் கொஞ்சம் மலிவு. 8 இரண்டு எடுத்தேன், ஒன்று டபிள்யூடி ரெட் பிளஸ், ஒன்று சீகேட் அயர்ன்உல்ஃப், வேறு வேறு கடையில். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு டிஸ்க் ஒரே சமயத்தில் படுத்துக்கொள்ளும் வாய்ப்பைக் குறைக்க இது சுலபமான வழி.

வாங்குவதற்கு முன்னால் டிஸ்க்கில் தகவலை எழுதும் முறை எஸ்எம்ஆரா, சிஎம்ஆரா என்று பார்ப்பது முக்கியம். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும், அதனால் அதே தட்டில் அதிக இடம் கிடைக்கும். ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சும்மா காப்பி போட்டு மூடி வைக்க அது பரவாயில்லை. மிரரில் ஒரு டிஸ்க் போய்ப் புது டிஸ்க்கை மாட்டி மறுபடி நிரப்பும்போதுதான் வேகம் படுத்து, சில சமயம் டிஸ்க் பதிலே சொல்லாமல் விட்டு, மிரரைக் கவனிக்கும் ரெய்டு மென்பொருள் அதையும் செத்துப்போனதாகக் கணக்குப் போட்டுவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் இருந்தது 2020இல்தான் வெளியே தெரிந்து பெரிய பிரச்சினையானது, அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்க்குகள் ரெட் பிளஸ் என்ற பெயரில் தனியாக வந்தன. அயர்ன்உல்ஃப் வரிசை முழுக்கச் சிஎம்ஆர். டெஸ்க்டாப்புக்கான பாராகுடா 4, 8 டெராபைட் எஸ்எம்ஆர், விலை குறைவாக இருக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம்.

பில்லோடு வந்த புது டிஸ்க்காக இருந்தாலும் வந்த அன்றே சோதித்துவிடுவது நல்லது. சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, இந்தியாவில் வாரண்டி உண்டா என்று முதலில் பார்த்தேன், ஏனென்றால் வெளிநாட்டு இருப்பு இங்கே சுற்றி வந்தால் அது ஓடும்வரைதான் நம்முடையது. அடுத்து, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் ஓடிய மணி நேரம். இதையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் புதிது என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல, சியா எனும் கிரிப்டோ நாணயத்துக்காக ஓடித் தேய்ந்தவை என்று சந்தேகம் கிளம்பியது. ஸ்மார்ட் கணக்கு துடைக்கப்பட்டிருந்தது, ஆனால் சீகேட் தனியாக வைக்கும் ஃபார்ம் என்ற பதிவு மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டது. ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் நிரல் 7.4 முதல் அந்தப் பதிவைப் படிக்கும், சீகேட் டிஸ்க் வாங்கினால் இரண்டு கணக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பேட்பிளாக்ஸ், டிஸ்க் முழுக்க எழுதிப் படித்துப் பார்க்கிற நிரல். 8 டெராபைட்டுக்கு அதன் இயல்பான 1024 பைட் பிளாக் அளவில் ஓடாது, பிளாக் எண்ணிக்கை 32 பிட்டைத் தாண்டிவிடும் என்பதால் 4096 என்று நாமே கொடுக்க வேண்டும். நாலு முறை எழுதி நாலு முறை படிக்க ஐந்தாறு நாள் பிடிக்கும், அவசரப்படக் கூடாது. முடிந்த பிறகு ஸ்மார்ட்டில் 5ஆம் எண்ணும் (கெட்டுப்போய் மாற்றிய இடங்கள்) 197ஆம் எண்ணும் (கெட்டதோ என்று சந்தேகத்தில் இருக்கும் இடங்கள்) பூஜ்யமாகவே இருக்க வேண்டும், ஒன்று ஏறியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். எனக்கு இரண்டும் பூஜ்யம், ஆனால் ஒரு டிஸ்க்கில் 199 கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருந்தது. 199 என்பது கேபிளில் தகவல் சிதைந்து திரும்ப அனுப்பிய கணக்கு, டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். கடையில் பெட்டியோடு வந்த சாட்டா கேபிளின் தலை தளர்ந்திருந்தது, கிளிப் உள்ள புதுக் கேபிள் மாற்றியதும் எண் அப்படியே நின்றது. அது குறையாது, நின்றால் போதும்.

ரேம் 16 ஜிபி. இசட்எஃப்எஸ் எனும் ஃபைல் சிஸ்டம் போட்டால் டெராபைட்டுக்கு ஒரு ஜிபி வேண்டும் என்பது வீட்டுக்குப் பொருந்தாத பழைய கணக்கு, 8 இருந்தாலே ஓடும். தகவல் பிழையைத் தானே கண்டு திருத்தும் இசிசி ரேம் இருந்தால் நல்லதுதான். ஐ5-8500 அதை ஏற்காது, அதைவிட எளிய ஐ3-8100 ஏற்கும் என்பது வேடிக்கை, ஆனால் அதற்கும் சர்வர் ரகச் சிப்செட் உள்ள போர்டு வேண்டும், அது ஆபீஸ் பெட்டியில் வராது. இசிசி இல்லாமலே ஓட்டுகிறேன். எஸ்எஸ்டி கேஷ், 2.5 கிகாபிட் கார்டு என்று ஆசை காட்டுபவையெல்லாம் வேண்டாம் என்று விட்டேன். கிகாபிட் வயரில் நிஜமாகக் கிடைப்பது விநாடிக்கு 110 எம்பி சொச்சம், ஒற்றை டிஸ்க்கே அதைவிட வேகமாகக் கொடுக்கும், வீட்டில் பாதிப் பேர் வைஃபையில் இருக்கிறார்கள். ஓஎஸ் ஒரு சின்ன எம்.2 எஸ்எஸ்டியில், டெபியன் லினக்ஸும் இசட்எஃப்எஸ் மிரரும், ஃபோல்டர்களை நெட்வொர்க்கில் பகிரும் சாம்பாவும்.

மீட்டரில் வந்த எண்: டிஸ்க் மாட்டாமல் 10 வாட்டை ஒட்டி, இரண்டு டிஸ்க்கும் சுற்றும்போது 21, 22. இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மாதிரி. பயாஸில் தூக்க நிலை அமைப்புகளைத் திறந்துவிட்டால்தான் இது வரும், பாஸ்வேர்டு பூட்டு வேண்டாம் என்றதற்கு ஒரு காரணம் இது.

வெயில் பற்றி வெளிநாட்டில் எழுதுபவர்கள் அதிகம் சொல்வதில்லை, அவர்களுக்கு அறை வெப்பம் 22 டிகிரி. கத்திரி வெயிலில் சென்னையில் ஏசி போடாத அறை 36, 37 நிற்கும். இந்தப் பெட்டியில் காற்று புராசசரை நோக்கி இழுக்கப்படுகிறது, டிஸ்க் கூண்டுக்கென்று தனி ஃபேன் கிடையாது. சோதனை ஓடும்போது டிஸ்க் 52 டிகிரிக்கு ஏறியது. தயாரிப்பாளர் எல்லைக்குள்தான், ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை. கூகுள் 2007இல் தன் டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில் வெப்பத்துக்கும் பழுதுக்கும் நினைத்த அளவு தொடர்பு இல்லை என்றுதான் வந்தது, ஆனால் மிக அதிக வெப்பத்தில் ஓடியவை விதிவிலக்கு, நம்மூர் மே மாதம் அந்த விதிவிலக்குப் பக்கம்தான் சாய்கிறது. கூண்டுக்குப் பக்கத்தில் 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைக் கேபிள் டை போட்டுக் கட்டி மெதுவாக ஓடவிட்டேன், 44க்கு இறங்கியது. டிவி கேபினட்டுக்குள்ளும் பரணிலும் வைக்காதீர்கள், பரண் கூரைக்குக் கீழே கொதிக்கும்.

கரண்ட் போவதைச் சமாளிக்கத் தனி யுபிஎஸ் வாங்கவில்லை, வீட்டு இன்வர்ட்டர் லைனிலேயே கொடுத்தேன். இதில் இரண்டு நிபந்தனை. இன்வர்ட்டர் சைன் வேவாக இருக்க வேண்டும், சதுர அலை இன்வர்ட்டரில் இந்த மாதிரி எஸ்எம்பிஎஸ் முரண்டு பிடிக்கலாம். பின்னால் இருக்கும் சுவிட்ச் யுபிஎஸ் பக்கம் இருக்க வேண்டும். மற்ற பக்கத்தில், கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறுவதற்கு 40 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ளும், எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது 16 மில்லிசெகண்ட் அளவுதான், யுபிஎஸ் பக்கத்தில் 10 அல்லது அதற்குக் கீழே.

ஆனால் இன்வர்ட்டருக்கும் சர்வருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கரண்ட் போய் பேட்டரி இறங்குகிறது என்று சர்வருக்கு யார் சொல்வது? இன்வர்ட்டர் இல்லாத லைனில் ஒரு வைஃபை ஸ்மார்ட் பிளக்கைச் செருகி வைத்தேன், ரவுட்டர் இன்வர்ட்டரில். சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பிளக்கைப் பிங் செய்யும், ஒரு மணி நேரம் தொடர்ந்து பதில் வரவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டு ஒழுங்காக அணைந்துவிடும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: கரண்ட் வந்தால் தானே எழுந்திருக்கும்படி பயாஸில் வைத்தாலும் அது எழாது, ஏனென்றால் இன்வர்ட்டர் லைனில் மின்சாரம் போகவே இல்லை, பெட்டியைப் பொறுத்தவரை யாரோ அணைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஹெச்பி பயாஸில் தினமும் குறித்த நேரத்தில் எழுப்பும் அமைப்பு இருக்கிறது, காலை 6 மணிக்கு வைத்துவிட்டேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அது ஒன்றும் செய்யாது.

மிரர் இருப்பதால் பேக்கப் முடிந்தது என்று நினைக்கக் கூடாது, ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் போய்விடும். பழைய 4 டெராபைட் போர்ட்டபிள் டிஸ்க் எஸ்எம்ஆர்தான், இந்த வேலைக்கு அது போதும். அதில் மொத்தத்தையும் எழுதித் திருநெல்வேலியில் தம்பி வீட்டு பீரோவில் இருக்கிறது, ஊருக்குப் போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம்.

இனி வாங்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. எஸ்எம்பிஎஸ் ஹெச்பிக்கே உரிய அளவு என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அது போனால் பக்கத்துக் கடையில் கிடைக்காது. அதே கடையில் உடைத்து விற்கும் பெட்டியிலிருந்து ஒன்றைக் கழற்றித் தரச் சொன்னேன். "இது போகவே போகாது சார்" என்றார். சரிண்ணே, இருந்தாலும் கொடுங்க என்று எண்ணூறு ரூபாய்க்குப் பேசி வாங்கி, மாட்டி ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.